ராணியின் தோள்

“எங்கம்மாகிட்ட நீயே வந்து கேளு.”

“பொம்பளை வேஷம் கட்டறவன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்கன்னு நீதானே சொன்னே?”

போருக்கு முன் காதலியோடு அவன் பேசிய கடைசிப் பேச்சு அது. இப்போது அவள் போர்முனையில் நர்ஸ். தையல்காரியான அவளுடைய அம்மாவோ, குண்டுக்குப் பயந்து தெருவே ஒளிந்திருந்த நிலவறையில், ஜன்னல் திரையை வெட்டி அவனுக்கு ராணி கவுன் தைத்துக்கொண்டிருந்தார். அழுகிற ஜனங்களைத் தினமும் சிரிக்கவைக்கும் ராணி யாரென்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. பவுடர் அப்பாமல் அவர் எதிரில் அவன் நின்றதே இல்லை.

“மகாராணி, ஆடாம நில்லுங்க. இடது தோள் இறங்கியிருக்கு.”

“பிறவியிலேயே அப்படித்தாங்க” என்றான், ராணிக் குரலில்.

“தெரியும். சண்டைக்கு முன்னாடி என் பொண்ணு, தோழியோட அண்ணனுக்குன்னு ஒரு சட்டை தைக்கக் குடுத்தா. இதே தோள்.”

அவன் இடுப்பில் செருகியிருந்த பஞ்சு நழுவியது.

“முதல் நாள் அளவெடுத்தப்பவே கண்டுபிடிச்சிட்டேன். உங்க கூத்தைப் பார்த்துதான் எனக்கே தைரியம் வந்துச்சு. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தா, மூணாவது கவுனும் தைச்சாச்சு, மாப்பிள்ளை.”

மேலே எங்கோ குண்டு விழுந்து பல்பு ஆடியது. அவன் ஆடவில்லை. சொந்தக் குரலிலேயே கேட்டான்.

“அத்தை, உங்க பொண்ணை எனக்குக் கட்டிக்குடுங்க.”