எது அதிகமா குலுக்கும்?

ஐஸ்லாந்தின் மலைப்பாதைகளுக்கு ஜீப் வாடகைக்கு விடும் தோர்கெய்ருக்குக் காலையிலேயே ஒரு பெண்ணின் போன்.

“என் பேர் சால்வோர். உங்க ஜீப்புல எது அதிகமா குலுக்கும்?”

“எது குலுக்காதுன்னுதானே எல்லாரும் கேட்பாங்க! புதுசை எடுத்துக்குங்க. நாலு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். எரிமலைப் பாறை மேலகூட கையில காபியோட போகலாம்.”

“பழசு?”

“ரெண்டு ரெண்டு சக்கரத்துக்கும் குறுக்கே ஒரே ஆக்சில். லேசுல உடையாது. ஆனா ஒரு சக்கரம் கல்லுல ஏறினா வண்டியே சாயும். குடல் வாய்க்கு வந்துடும்.”

“அதுதான் வேணும்.”

தோர்கெய்ருக்குச் சந்தேகம் வந்தது. போன மாதம்தான் ஒருத்தன் அவர் ஜீப்பில் போய் இடுப்பு பிடித்துக்கொண்டதென்று இணையத்தில் எழுதி மானத்தை வாங்கியிருந்தான். இவளும் குறை எழுதத்தான் வருகிறாள்! பழைய ஜீப்பின் சீட்டில் இரண்டு மெத்தைகளைப் போட்டுவைத்தார்.

டாக்ஸியிலிருந்து சால்வோர் இறங்கவே ஐந்து நிமிடம் ஆனது. மேல்கோட்டுக்குப் பொத்தான் போட முடியாத நிறைமாத வயிறு.

“டாக்டர் சொன்ன தேதி தாண்டி ஒன்பது நாளாச்சு. நடந்து பார்த்தேன், படி ஏறிப் பார்த்தேன், உள்ளே இருக்கிறது வெளியே வரமாட்டேங்குது. முதல்ல அந்த மெத்தையை எடுங்க.”

தோர்கெய்ர் மெத்தைகளை எடுத்தார். சாவியை மட்டும் அவளிடம் தரவில்லை.

“நானே ஓட்டுறேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போற கரட்டுப் பாதை ஒண்ணு இருக்கு. ஏறும்மா.”