கடிக்காத நண்டு

கல்லைப் புரட்டும் முன்பே நண்டு வெளியே வந்து நின்றது.

அத்தாயி அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அது கொடுக்கைத் தூக்கக்கூட இல்லை.

இந்த ஓடையில் நண்டு பிடிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. வளைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். விரலைக் கவ்வினால் ரத்தம் பார்க்காமல் விடாது. இன்றைக்கு என்னவோ, நண்டுகள் எல்லாம் பாறைமேல் ஏறி, வந்து பிடித்துக்கொள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தன.

மலைச்சாமி சேர்வராயன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைத்தாள்.

அவள் மகள் வெள்ளையம்மாளுக்கு மூன்று வயது. போன வாரம் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இன்று காலையிலிருந்து படுக்க வைத்தாலே மூச்சு இழுக்கிறது. புருஷன் மூக்கன் குழந்தையை மார்போடு நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஏற்காட்டுக்கு பஸ் இனி விடிந்தால்தான். அதுவரை குழந்தை தாங்க வேண்டும்.

நெஞ்சுச் சளிக்கு ஓடை நண்டை இடித்து, மிளகு போட்டுக் காய்ச்சிய சாறுதான் அவர்களுக்குத் தெரிந்த மருந்து.

முதலில் அகப்பட்டவற்றை மூக்கனின் அக்கா ஆராயி அப்போதே முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

"புள்ளைக்கு இதுவே போதுங் கண்ணு. நா முன்னால போயி மொளகு இடிச்சு ஒல வெக்கறேன், நீ பொறவா வா."

அத்தாயிக்குத்தான் ஓடையை விட்டு ஏற மனம் வரவில்லை. நாளைக்கும் ஒரு வேளை கொடுத்தால் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். பொழுது சாய்வதுகூடத் தெரியாமல் பிடித்தாள். மடி கனக்கக் கனக்க அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஓடையில் கணுக்கால் நனைகிற அளவுதான் தண்ணீர். மேலே எஸ்டேட்டில் பழைய நிழல் மரங்களை வெட்டிய பிறகு அது வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. மரம் போனதும் காப்பிச் செடிமேல் வெயில் விழுந்தது. வெயில் விழுந்ததும் தண்டைத் துளைக்கிற பூச்சி வந்தது. பூச்சி வந்ததும் டிரம் டிரம்மாக மருந்து வந்தது. தண்டைத் தேய்த்துத் துடைத்து அந்த மருந்தைப் பூசுவதுதான் அத்தாயிக்கு இந்த மாதம் வேலை. அதை விஷம் என்று எஸ்டேட்டில் யாரும் சொல்வதில்லை. மருந்து என்றுதான் பேர்.

அந்த வாடை கையை விட்டு லேசில் போகாது. சோற்றை அள்ளினால் சோற்றிலும் அடிக்கும். இந்தக் கையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது என்று கரையில் இருந்த காய்ந்த மணலை அள்ளித் தோல் சிவக்கத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மண் வாசம் மட்டும்தான் வந்தது.

கையை ஓடையில் அலசினாள். மறுபடி முகர்ந்தாள்.

வாடை அடித்தது.

ஒரு கை தண்ணீர் அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மடியைப் பிரித்தாள். நண்டுகள் கால்களைப் பரப்பிக் கிடந்தன. ஒன்றைச் சுண்டினாள். அது அசையவில்லை. காலருகே கல்லிடுக்கில் ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் கிடந்திருக்கிறது.

அத்தாயி ஓடையின் மேல்வளைவை நிமிர்ந்து பார்த்தாள்.

மத்தியானம் எஸ்டேட்டில் வேலை ஏவிக் கணக்கெழுதும் ரைட்டர் மரியதாஸிடம் போய், குழந்தைக்கு முடியவில்லை என்று அழுதபோது, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பு என்றார். டிரம் கழுவ மேட்டில் தனியாக ஒரு குழி உண்டு. அங்கே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். அவளுக்கு ஏது அதற்கு நேரம்? மேல்வளைவில் டிரம்மை அப்படியே ஓடைக்குள் சாய்த்து உருட்டினாள். அரிசி களைந்த தண்ணீர்போல் ஓடை வெளுத்து ஓடியது. சீக்கிரம் குழந்தையிடம் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதே ஓடைதான் கிளியூருக்கும் இறங்குகிறது. அங்கே மாடும் குடிக்கும், மனிதரும் குடிப்பார்கள். அதையெல்லாம் நினைக்க அவளுக்கு அப்போது நெஞ்சில் இடமில்லை.

மடியை உதறிவிட்டு மேட்டில் ஏறினாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் வீடு தெரிந்தது. கூரைக்கு மேல் புகை இல்லை. அடுப்பு அணைந்திருந்தது.

"நங்கையா, குடுத்துறாதீங்க" என்று ஆராயியைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள்.

பேச்சு பள்ளத்தைத் தாண்டவில்லை. குரல் மட்டும் ஆராயிக்குக் கேட்டிருக்க வேண்டும். வாசலுக்கு வந்து, நெற்றியில் கைவைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். அத்தாயி இரண்டு கைகளையும் தூக்கி வேண்டாம், வேண்டாம் என்று வீசினாள்.

குழந்தை குடித்ததா என்று கேட்கிறாள் போல என்று ஆராயி நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். ஒரு சொட்டுகூட மிச்சமில்லை என்று தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள்.