கிளீவ் என்றால் என்ன?

இங்கிலீஷில் பீற்றிக்கொள்ளும் பட்டறை முதலாளி, கால் கழன்ற முக்காலியின்மேல் 'கிளீவ்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

"பிளந்துபோடு என்று அர்த்தம். அடுப்புக்குக் கிளம்புடா," என்றது கோடாரி.

"போடா மொண்ணை! ஒட்டிவை என்று அர்த்தம்," என்றது பசைச் சட்டி.

முக்காலிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அலமாரியில் இருந்த அகராதியிடம், "ஐயா, எது சரி?" என்று கேட்டது.

"இரண்டும் சரிதான். பிளப்பதற்கும் ஒட்டுவதற்கும் இங்கிலீஷ்காரன் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறான்."

"அப்படியானால் என் கதி?"

"அர்த்தம் சொல்வதோடு என் வேலை முடிந்தது, தம்பி."

அப்போது தச்சர் மாசானம் வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, காலைத் திருப்பிப் பார்த்து, பசை தடவிப் பொருத்தினார்.

"படிக்காத ஆள், அர்த்தத்தையே கெடுத்துவிட்டான்!" என்று கத்தியது கோடாரி.

முக்காலி அசையவே இல்லை. பசை காய வேண்டுமே.