உண்மைவிளம்பியின் புகார்

"பொய்யா ஒரு பேரு சொல்லு, சீக்கிரம்!" என்றார் கிடங்குக்காரர்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "எதுக்குங்க?"

"என் மேலயே ஒரு புகார் கொடுக்கணும்."

மருந்துக் கிடங்கில் சரக்குப் பதிவு பார்க்கிறவர் அவர். கம்ப்யூட்டர் மொழி ஒன்றைத் தானாகவே கற்றுக்கொண்டார். யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம் என்று திறந்து வைத்திருக்கும் மொழி அது. மூன்று தடவை திருத்தம் அனுப்பினார், மூன்றும் திரும்பி வந்தன. எண்களை வேகமாக வரிசைப்படுத்தும் நாலாவது திருத்தம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த மொழியில் ஏறியது. அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டவர் கறார் மேடம். ஒரு கமா தப்பினாலும் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் எல்லோருமாக வைத்த பெயர் அது.

சந்தோஷம் நிலைத்ததா? மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கொடுக்கும் எண்கள் எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால், அவர் எழுதியது முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது! சாயங்காலம் நாலு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகிறது. அதற்குள் சொல்லாவிட்டால் ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்கள் அப்படியே நின்றுவிடும்.

"உங்க பேர்லயே சொல்லிட வேண்டியதுதானே?"

"நல்லா சொன்ன போ! படிச்சவங்க நடுவுல இப்பத்தான் கால் வச்சிருக்கேன். அரைகுறைன்னு துரத்திடுவாங்க."

கொஞ்சமும் கூச்சப்படாமல் 'உண்மைவிளம்பி' என்ற பெயரில் புதுக் கணக்கு தொடங்கினார் மனுஷன். பிழையை விவரமாக எழுதினார். சந்தேகம் வரக்கூடாதே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "இதை எழுதின முட்டாளை இனிமே உள்ளே விடாதீங்க."

"உங்களை நீங்களே இப்படியா திட்டிப்பீங்க?" மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பத்து நிமிடத்தில் கறார் மேடத்தின் பதில் வந்துவிட்டது.

"பிழை உண்மைதான். அந்தத் திருத்தத்தை எடுத்துட்டோம், நாலு மணிப் பதிப்புக்கு ஆபத்தில்ல. அவர் சரி பண்ணி மறுபடி அனுப்பட்டும், காத்திருக்கோம். ஆனா, முட்டாள்னு சொன்னதுக்கு நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். மூணு தடவை திருப்பி அனுப்பியும் சளைக்காம வந்தவர் அவர். சரியா பாக்காம ஏத்துனது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் கிடங்குக்காரர். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது. ஆனால் சாய்ந்தபடி இருக்க முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரிலேயே எழுதினார்.

"மேடம், அந்த உண்மைவிளம்பி நான்தான். மன்னிச்சிடுங்க."

"தெரியும். அந்தத் திருத்தத்தை ஏத்தி ஒரு மணி நேரம்தான் ஆச்சு. எழுதினவரைத் தவிர வேற யாரு அதுக்குள்ள இதைக் கண்டுபிடிப்பாங்க?"

"தெரிஞ்சுமா மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க?"

"எங்க ஆளை யார் திட்டினாலும் விடமாட்டோம் சார், அவரே திட்டினாலும்!"