கொடிக்கயிறு வரை

மால்மோவில் எங்கள் கட்டடத்துச் சலவை அறை. எதிர்வீட்டு மெப்ராத் ஈரச் சால்வையை இடது தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள். எங்கள் ஊர் அஸ்மாராவிலிருந்து கொண்டுவந்த, மெல்லிய வெள்ளைச் சால்வை. வலது மார்பை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. அந்தப் பக்கத்துக் கை இன்னும் தோளுக்கு மேல் எழுவதில்லை. திங்கட்கிழமை கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அளவெடுக்கிறார்கள். கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க முடிந்தால்தான் சிகிச்சையே தொடங்கும். “குடு, நான் காயப்போடுறேன்” என்கிறேன். “போடி ஸெனைத், உன் புருஷன் சட்டையப் பாரு” என்கிறாள். அவளுடைய வலக்கை விரல்கள் மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி சுவரில் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. தோள் உயரத்தில் நின்றுவிடுகின்றன. மருந்தில் உதிர்ந்து இப்போதுதான் முளைக்கும் புருவத்தில் வியர்வை அரும்புகிறது. சலவை இயந்திரம் உறுமுகிறது. விரல்கள் மறுபடி நகர்கின்றன. காதைத் தாண்டி, தலைத்துணியைத் தாண்டி, சுவரை விட்டுக் கொடிக்கயிற்றைப் பற்றுகின்றன. இடது கை சால்வையை வீசுகிறது. சன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் முழுவதும் அந்தத் துணியில் வந்து நிற்கிறது.

“போதும், இறக்குடி!” என்கிறேன்.

“இரு. திங்கட்கிழமை அங்க அசையாம கெடக்கணுமாம். எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாக்குறேன்.”

சால்வையின் நீர் அவள் முழங்கையில் சொட்டி, தொளதொளத்த சட்டைக் கைக்குள் இறங்கி, அறுவைக்குப் பின் மரத்தே கிடந்த அக்குளுக்கு ஓடுகிறது. மெப்ராத் திடுக்கிட்டுக் கண்களை விரிக்கிறாள்.

“அய்யோ ஸெனைத், கூசுதுடி!”

கை மட்டும் இறங்கவில்லை.