நீல டிரம்

“நீங்க சிரமப்படாதீங்க மேடம், நானே மொண்டு தர்றேன்” என்று பூவராகன் அவசரமாகக் குறுக்கே வந்தார். வெள்ளை டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டார்.

அவசரப்படாமல் என்ன செய்வார்? ராஜகீழ்ப்பாக்கத்தில் கால்வாய் ஒரு வாரமாகச் சிவப்பாக ஓடுகிறது என்று யாரோ புண்ணியவான் புகார் எழுதிப் போட்டுவிட்டான். அந்தப் பக்கத்தில் சாயப்பட்டறை என்று இருப்பது இவருடையது ஒன்றுதான். சோதிக்க வந்திருக்கும் அதிகாரி தீபலட்சுமி கையெழுத்துப் போட்டால் பிழைப்பு உண்டு. போடாவிட்டால் மத்தியானத்துக்குள் பட்டறைக்குப் பூட்டு.

மகள் ஓவியாவுக்கு மட்டும் பயமே இல்லை. பொத்தேரி காலேஜில் படிக்கிறவள். ஏரியில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையைக் காயவைத்து, காற்றுப் புகாத டின்னில் சுட்டுக் கரியாக்கியதை அதிகாரியிடம் அடுக்கிக்கொண்டே போனாள். அந்தக் கரியைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சாயத்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் போதுமாம், நிறம் போய்விடுமாம். நேற்று மத்தியானம் மூட்டையைப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போனவள், இப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தாள்.

“அப்பா, நான் நீல டிரம்லதானே போட்டேன்? இது வெள்ளை டிரம்மா இருக்கு?”

“அது ஒழுகுச்சும்மா. மாத்திட்டேன்.” டம்ளரை அதிகாரி கையில் அவசரமாகத் திணித்தார்.

தீபலட்சுமி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பொட்டுச் சிவப்பு இல்லை. பரவாயில்லையே, காலேஜ் பொண்ணு சாதிச்சுட்டாளே என்று பாராட்டினார். பூவராகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. அதிகாரி கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர். டம்ளரில் முக்கினார். முப்பத்தெட்டு. உதறிவிட்டு மறுபடி முக்கினார். அதே முப்பத்தெட்டு, சாயத்தண்ணீருக்கு ரொம்பக் குறைச்சல்.

“ஒரு தடவை சாயம் போட எவ்வளவு உப்பு கொட்டுவீங்க சார்?”

“அரை மூட்டை மேடம்.” யோசிக்கும் முன்னே வாய் சொல்லிவிட்டது.

“கரி சாயத்தைப் பிடிச்சு வச்சுக்கும். உப்பைப் பிடிக்காதே?”

ஓவியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணோ, பாழாய்ப்போன கண், மூலையில் கிடந்த தார்ப்பாய் பக்கம் போயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

தீபலட்சுமியே போய்த் தார்ப்பாயை விலக்கினார். நாலு காலிக் குடிதண்ணீர் கேன்கள். பின்னால் நீல டிரம். நேற்றுச் சாயங்காலம் எட்டிப் பார்த்தபோதும் தண்ணீர் சிவப்பாகவே இருக்க, மகளின் கரியை நம்ப பயந்து, விடிந்ததும் மூடியைக்கூடத் திறக்காமல் அவர் தள்ளி ஒளித்த டிரம்.

அதிகாரி மூடியைத் திறந்து ஒரு டம்ளர் மொண்டார். மீட்டரில் உப்பு ஆயிரக்கணக்கில் ஏறியது. தண்ணீரில் மட்டும் சிவப்பு துளிகூட இல்லை.

“புகார் நிறத்துக்குத்தான் சார். இதையே காட்டியிருந்தா, கையெழுத்துப் போட்டுட்டு எப்பவோ போயிருப்பேன்” என்றார் தீபலட்சுமி, பூட்டை எடுத்துவரச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டியபடி.