அப்பா சொல்லச் சொல்ல

‘இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இருந்தது வெறும் சிறுபிள்ளைத்தனம். அது தீர்ந்துபோயிற்று.’

அடித்தல் திருத்தல் இல்லாமல் அவள் எழுதினாள். இறகுப் பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு, அடுத்த வரிக்குக் காத்திருந்தாள்.

“எழுதிட்டியா?” நாற்காலிக்குப் பின்னால் நின்ற அப்பா கேட்டார். “இப்ப போடு. வேற இடத்துல கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, முழு மனசோட சம்மதிச்சிருக்கேன்னு. அந்த ‘முழு மனசோட’ முக்கியம், விட்டுடாதே.”

“விடலைப்பா.”

அப்பாவுக்கு மருந்துக் கடை. ஊரில் அவருக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். அவர் கலக்கிக் கொடுக்கும் மருந்து கேட்காமல் போனாலும் போகும், அலமாரியில் ஒரு குப்பி கோணலாக நிற்காது என்று கேலி பேசுவார்கள்.

கடல் தாண்டி ரயில் பாதை போடப் போயிருப்பவனோடு மகளுக்குக் கடிதப் போக்குவரத்து என்று தெரிந்த நாளிலிருந்து, ஆறு மாதமாக அவள் வாசல்படி தாண்டவில்லை. மாடி அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். காகிதம், மை எல்லாம் பூட்டுக்குள், சாவி அப்பாவின் இடுப்பில்.

வந்த கடிதங்களை அடுப்பில் போட்டவர், கடைசியாக வந்ததை மட்டும் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ‘இங்கே ஏழு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு’ என்று அதில் இருந்தது. அப்பாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

பார்த்திருந்த மாப்பிள்ளை தோல் வியாபாரி. அவளைப் போல இரண்டு மடங்கு வயது, மூத்த தாரத்துக்கு மூன்று பிள்ளைகள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

எழுதி முடித்ததும் அப்பா தாளை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாத மையில் ஏதாவது இருக்குமோ என்று விளக்குச் சூட்டில்கூடக் காட்டினார். ஒன்றும் இல்லை.

“சரி, மடிச்சு ஒட்டு” என்று திரும்பி, மேசையோரம் இருந்த மருந்துக் குப்பிகளை ஒரே வரிசையாக நகர்த்தி வைக்க ஆரம்பித்தார். அவள் உறையை மூடி, விலாசம் எழுதி, தபால்தலையை ஒட்டிக் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு.

கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். “உன்னைக் கட்டாயப்படுத்தி ஏதாவது எழுத வச்சா, தபால்தலையைத் தலைகீழா ஒட்டிடு. உள்ள இருக்கிறது அத்தனையும் பொய்னு புரிஞ்சுக்கிட்டு அடுத்த கப்பல்லயே வந்து நிப்பேன். நேரா இருந்தா ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிடுவேன்.”

கடிதம் போய்ச் சேர ஒரு மாதம், அவன் வந்து சேர ஒரு மாதம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் கையில் மிச்சம் இருந்தது.

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அவளே ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

“போட்டாச்சாப்பா?”

“கப்பலுக்குப் போற மூட்டையைக் கட்டிட்டிருந்தாங்க. கடைசி நிமிஷத்துல சேர்த்துட்டேன். இனிமே அந்தப் பய திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.” தண்ணீரைக் குடித்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். “என்னம்மா, முகமே தெளிஞ்சிருக்கு?”

“மனசு லேசாயிடுச்சுப்பா.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் தலையை வாஞ்சையோடு தடவிக் கொடுத்தார்.

“ஆனா அவசரத்துல தபால்தலையைத் தலைகீழா ஒட்டியிருந்தியேம்மா. நல்லவேளை, அங்க போய்க் கவனிச்சேன். உரிச்சு நேரா ஒட்டிட்டேன்.”